வெப்பக்காப்பின் பலனை அளத்தல்: ரொறன்ரோ ஊர்ச்சங்க அங்கத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்



கடந்த சில ஆண்டுகளில், ரொறன்ரோப் பிரதேசத்தில் வீடு வாங்கிக் குடியிருக்கும் நம்மவர் அநேகர், கனடாவின் மத்திய அரசாங்கம் 2021ஆம் ஆண்டில் ஆரம்பித்த பசுமை வீட்டு மானியத்தின் உதவியைக் கொண்டோ, எரிவாயுக் கம்பனி வழங்கிய சகாயத்தைக் கொண்டோ, அன்றித் தம் சொந்தச் சேமிப்பை எடுத்தோ, கூரைக்கு அடியிலுள்ள அற்றிக்கில் வெப்பக்காப்புப் போட்டும், சன்னல் கதவுகளின் இடுக்குகளை அடைத்தும், பேஸ்மன்ற் சுவர்களுக்கு நுரைப்பலகை பொருத்தியும் தத்தம் வீடுகளைக் குளிருக்கு எதிராகப் பலப்படுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் இதற்காக ஆயிரக்கணக்கான டொலர்களைச் செலவிட்டிருக்கிறது. அந்தப் பணம் இரட்டை வேலை செய்து, வாரயிறுதிகளை இழந்து, வீட்டுக்கடனின் வட்டி போக மிஞ்சிய பணம். ஆகவே, செலவிட்டதற்குப் பலன் உண்டா, உண்டானால் எவ்வளவு என்ற கேள்வி சாதாரணமான ஆவலால் எழுவதன்று. குடும்பத்தின் வரவுசெலவைப் பொறுப்போடு நடத்தும் ஒருவர் கேட்டே தீரவேண்டிய கேள்வி அது.

கல்யாண மண்டபத்திலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் இந்தக் கேள்விக்கு நாம் கேட்கும் பதில்களோ ஒன்றுக்கொன்று முரணானவை. ஒருவர் தமது பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதென்கிறார். அதே கொந்தராத்துக்காரரைக் கொண்டு அதே வேலையைச் செய்வித்த இன்னொருவர், ஒரு சதமும் மிச்சமாகவில்லையென்று வருந்துகிறார். இருவரையும் கேட்டுக்கொண்டிருந்த மூன்றாமவர், தமக்கு யார் நெருங்கிய உறவோ அவருடைய வார்த்தையை நம்பித் தமது வீட்டைப் பற்றிய முடிவை எடுக்கிறார். முன்னவர் இருவரும் பொய் பேசவில்லை. தம் கையிலுள்ள பில்லில் கண்டதையே சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பில்லின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும் தொகை, வெப்பக்காப்பின் பலனைத் தவிர வேறு பல விஷயங்களையும் தன்னுள் கலந்து வைத்திருக்கிறது என்பதையும், அவற்றைப் பிரித்தெடுக்கச் சுலபமான கணிதம் ஒன்று இருக்கிறது என்பதையும், அந்தக் கணிதத்தை நாம் தனித்தனியாகச் செய்வதைவிடச் சங்கங்களாகக் கூடிச் செய்தால் உண்மை இன்னும் தெளிவாக விளங்கும் என்பதையும் தங்களுக்கு எடுத்துரைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

முதலில் டொலரை ஒருபுறம் ஒதுக்கிவைக்க வேண்டும். ஒன்ராறியோவில் எரிவாயுவின் விலையைச் சக்திச் சபை ஆண்டுக்கு நான்கு முறை, காலாண்டுக்கு ஒரு தடவையாக, மாற்றி நிர்ணயிக்கிறது. இதற்கு மேலாக, 2024 ஏப்ரல் முதலாந் திகதி தொடக்கம் ஒவ்வொரு கன மீற்றர் எரிவாயுவுக்கும் 15.25 சதம் கார்பன் கட்டணமாக அறவிடப்பட்டு வந்தது. 2025 ஏப்ரல் முதலாந் திகதி அக்கட்டணம் அடியோடு நீக்கப்பட்டது. ஆண்டுக்கு 2,400 கன மீற்றர் எரிக்கும் ஒரு வீட்டுக்கு இந்த ஒரு மாற்றத்தால் மட்டும் 366 டொலரும் அதன்மீதான விற்பனை வரியும் குறைந்துபோகும். 2024ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அற்றிக்கில் வெப்பக்காப்புப் பஞ்சு ஊதுவித்த ஒருவர், அடுத்த ஆண்டுப் பில்லைப் பார்த்து மகிழ்ந்து, அந்த 366 டொலரையும் பஞ்சின் கணக்கில் எழுதிவிடுவது எவ்வளவு இயல்பான தவறு! கட்டணம் நீங்கியபோது அதற்கு ஈடாக வந்துகொண்டிருந்த அரசாங்கக் காசோலையும் நின்றுபோயிற்று என்பது அவருடைய நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே பில்லில் பார்க்கவேண்டியது கன மீற்றர். அதிலும் எச்சரிக்கை வேண்டும். கம்பனிக்காரர் மீற்றரைப் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கொருமுறையே வந்து பார்க்கிறார்; இடைப்பட்ட மாதத்தின் அளவு, சென்ற ஆண்டுப் பழக்கத்தை வைத்துக் கட்டிய மதிப்பீடு. வெப்பக்காப்புப் போட்ட பின்னரும் அந்த மதிப்பீடு பழைய வீட்டையே மனத்திற்கொண்டு எழுதப்படுவதால், முதல் மாதப் பில் ஏமாற்றத்தைத் தருவதும், அடுத்த மாதம் அளவுக்கு மிஞ்சிய மகிழ்ச்சியைத் தருவதும் சகஜம். மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டும் சமதவணைத் திட்டத்தில் சேர்ந்திருப்பவர்களுக்கோ, கட்டும் தொகையிலிருந்து எதையுமே அறிந்துகொள்ள இயலாது. இவ்வளவு சிக்கலுக்கும் பரிகாரம் ஒன்றுதான்: வீட்டின் வெளிச்சுவரில் இருக்கும் மீற்றரின் எண்ணை மாதத்தின் முதல் நாளில் நாமே பார்த்து ஒரு கொப்பியில் எழுதிவைப்பது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒரு நிமிஷத்தில் செய்துவிடக்கூடிய காரியம் இது.

எழுதிவைத்த எண்களை அப்படியே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவும் கூடாது. ஏனெனில் ஒவ்வொரு குளிர்காலமும் ஒவ்வொரு விதமானது. 2023-24 குளிர்காலம், 1948இலிருந்து பேணப்பட்டுவரும் தேசியப் பதிவுகளில் கனடா கண்ட மிக வெப்பமான குளிர்காலமாக இருந்தது. அதற்கடுத்த குளிர்காலத்திலோ, பெப்ரவரி மாதத்தில் ரொறன்ரோவின் வீதியோரங்களில் ஆளுயரத்துக்குப் பனி குவிந்திருந்ததைத் தாங்கள் அறிவீர்கள். 2023இல் வேலை செய்வித்தவருக்கு இயற்கை இலவசமாகக் கொடுத்த மிச்சமும், 2024இல் வேலை செய்வித்தவருக்கு அதே இயற்கை திரும்பப் பறித்துக்கொண்ட நஷ்டமுமே, மண்டபத்தில் நாம் கேட்கும் முரண்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம்.

குளிரின் அளவைக் கணக்கிலிருந்து கழிப்பதற்குப் பாகை-நாள் என்றோர் அளவை இருக்கிறது. ஒரு நாளின் உச்ச வெப்பநிலைக்கும் தாழ்ந்த வெப்பநிலைக்கும் சராசரி எடுத்து, அது 18 பாகை செல்சியசுக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அந்த வித்தியாசமே அன்றைய பாகை-நாள். சராசரி 8 பாகையானால் பத்து. சராசரி பூச்சியத்துக்குக் கீழே 7 பாகையானால் இருபத்தைந்து. 18க்கு மேற்பட்ட நாளுக்கு ஒன்றுமில்லை. ஒரு மாதத்தின் நாள்களுக்கெல்லாம் இதைக் கூட்டினால், அந்த மாதம் வீட்டின்மீது எவ்வளவு குளிரைச் சுமத்தியது என்பது ஒரே எண்ணில் கிடைத்துவிடும். ரொறன்ரோப் பிரதேசத்தின் ஆண்டுத் தொகை ஏறத்தாழ 3,500க்கும் 4,000க்கும் இடையில் அமையும். பியர்சன் விமான நிலையத்தின் கணக்கை நாள்தோறும் கனடாவின் சுற்றாடல் அமைச்சே எவருக்கும் இலவசமாக வெளியிடுகிறது என்பதால், கூட்டற்கணக்குத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம்.

இந்த அளவைக்கு நமது பழைய சரித்திரத்தோடு ஓர் எதிர்பாராத உறவு உண்டு. ஒரு குறித்த வெப்பநிலைக்கு மேலாக எவ்வளவு உஷ்ணம் எத்தனை காலம் நிலவியது என்பதைக் கணிக்கும் முறையை, பயிர்களின் வளர்ச்சிக்காலத்தை அறியும் பொருட்டு, 1878இல் சீராக வகுத்துத் தந்தவர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி என்ற ஆங்கிலேயத் தளபதி. சென்னை மாகாணத்தில் இலட்சோபலட்சம் மக்களைக் கொன்ற 1876-78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின் பின்னர் அமைக்கப்பட்ட இந்தியப் பஞ்ச விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பயிருக்கென்று பிறந்த அந்தக் கணக்கை, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க எரிவாயுப் பொறியியலாளர் எடுத்துத் திருப்பிப் போட்டு, வெப்பம் எவ்வளவு மிகுந்தது என்பதற்குப் பதிலாக எவ்வளவு குறைந்தது என்பதை எண்ணி, வீடுகளின் எரிபொருள் தேவையை முன்கூட்டி அறியப் பயன்படுத்தினர்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வேலைக்கு முந்திய ஆண்டில் ஒரு வீடு 2,600 கன மீற்றர் எரித்ததென்றும், அவ்வாண்டின் பாகை-நாள் 3,600 என்றும் வைத்துக்கொள்வோம். வேலைக்குப் பிந்திய ஆண்டில் அது 2,400 எரித்தது. ஆனால் அவ்வாண்டு குளிர் கடுமையாகிப் பாகை-நாள் 4,000 ஆயிற்று. பில்லை மட்டும் பார்த்தவர் 200 கன மீற்றர், அதாவது நூற்றுக்கு எட்டுக்கும் குறைவாகவே மிச்சமென்று மனம் சலிப்பார். இங்கே இன்னொன்றைக் கழிக்கவேண்டும். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வீட்டைச் சூடாக்குவதில்லை. அப்பொழுதும் எரியும் வாயு குளிப்பதற்கும் சமைப்பதற்குமானது. அது மாதம் 50 ஆனால் ஆண்டுக்கு 600. (மார்கழி, தை மாதங்களில் குழாய்க்கு வரும் நீரே கடுங்குளிராக இருப்பதால், அதைச் சூடாக்கக் கோடையைவிடச் சற்று அதிகம் செலவாகும், முதற் கணக்குக்கு இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.) ஆகவே வீட்டைச் சூடாக்க எரிந்தது முதலாண்டில் 2,000, இரண்டாமாண்டில் 1,800. ஒரு பாகை-நாளுக்கு முன்பு 0.556 கன மீற்றரும், பின்பு 0.45 கன மீற்றரும் ஆகின்றன. அதாவது வீட்டின் பசி நூற்றுக்குப் பத்தொன்பது குறைந்திருக்கிறது. 3,800 பாகை-நாள் கொண்ட சாதாரண ஆண்டொன்றில் அந்த வீட்டுக்கு மிச்சமாவது ஏறத்தாழ 400 கன மீற்றர். பில் காட்டியதைப்போல் இரட்டிப்பு. குளிர் கடுமையாக வந்த ஆண்டில் கூடிய சேமிப்பு மறைந்து நிற்பதையும், இதமான ஆண்டில் இல்லாத சேமிப்பு இருப்பதாகத் தோன்றுவதையும் இந்தச் சிறு வகுத்தற்கணக்கு வெளிப்படுத்திவிடுகிறது.

இன்னும் நுணுக்கமாக அறிய விரும்புவோர், கணிதம் படிக்கும் தம் பிள்ளைகளைக் கொண்டு ஒரு வரைபடம் போடுவிக்கலாம். கிடையாக அந்தந்த மாதத்தின் சராசரி வெளி வெப்பநிலையையும், செங்குத்தாக நாளொன்றுக்கு எரிந்த கன மீற்றரையும் குறித்தால், கோடை மாதங்களின் புள்ளிகள் சமதளமாகவும், குளிர் மாதங்களின் புள்ளிகள் ஒரு சரிவான கோடாகவும் அமையும். சரிவின் செங்குத்து, வீடு எவ்வளவு வேகமாக உஷ்ணத்தை இழக்கிறது என்பதைச் சொல்லும். சரிவு தொடங்கும் இடம், வெளியே எத்தனை பாகைக்குக் கீழே போனபின் ஃபர்னஸ் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லும். நன்றாகக் காக்கப்பட்ட வீட்டில், மனிதரின் உடற்சூடும், சமையலின் சூடும், சன்னல்வழி வரும் வெயிலுமே வெகுதூரம் போதுமாயிருப்பதால், அந்தத் தொடக்க இடமும் 18இலிருந்து கீழிறங்கி 15, 14 என்று நகரும். இம்முறையை ஒழுங்காக வகுத்து 1986இல் வெளியிட்டவர் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஃபெல்ஸ் என்ற அம்மையார். மாதப் பில்களையும் வானிலைப் பதிவையும் தவிர வேறு கருவி எதுவும் வேண்டாத இந்த முறை, அதன்பின் வட அமெரிக்காவில் நடந்த எத்தனையோ பரிசோதனைகளுக்கு அடிப்படையாயிற்று.

அதே பிரின்ஸ்ரனில் ரொபர்ட் சொக்கொலோவும் அவருடைய சகாக்களும் 1972 தொடக்கம், நியூ ஜேர்சி மாநிலத்தின் ருவின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பில், ஒரே அச்சில் வார்த்தெடுத்தாற்போல் கட்டப்பட்ட வரிசை வீடுகளை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டவற்றுள் நமக்கு மிகவும் வேண்டியவை இரண்டு. ஒன்று, அமைப்பில் சற்றும் வேறுபடாத வீடுகளுள் ஒன்று மற்றொன்றைப்போல் இரண்டு மடங்கு எரிவாயுவைச் செலவழித்தது. ஒரு வீட்டில் குடியிருந்த குடும்பம் போய் வேறொரு குடும்பம் வந்தபோது அந்த வீட்டின் செலவும் மாறியது. சுவரும் கூரையும் மட்டும் அல்லாமல், உள்ளே வாழ்பவரின் வழக்கமும் பில்லை எழுதுகிறது என்பது அங்கே பிரத்தியட்சமாக நிரூபிக்கப்பட்டது.

இந்த உண்மையை நமது குடும்பங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். அற்றிக் வேலை முடிந்த அதே ஆண்டில் பேஸ்மன்றில் ஒரு வாடகைக் குடும்பம் வந்து சேர்ந்திருக்கும். அல்லது யாழ்ப்பாணத்திலிருந்து தாய் தந்தையர் வந்து, பகல் முழுவதும் வீட்டிலிருப்பதால், முன்பு பகலில் 17இல் கிடந்த தேர்மோஸ்ரற் இப்பொழுது 23இல் நிற்கும். அல்லது மூத்த மகள் வோட்டர்லூவுக்குப் படிக்கப் போய் ஓர் அறை பூட்டிக் கிடக்கும். அல்லது பழைய ஃபர்னஸும் அதே மாதத்தில் மாற்றப்பட்டிருக்கும். இவற்றுள் எது நடந்தாலும் பஞ்சின் பலன் இன்னதென்று தனித்துக் காண்பது அரிது. தேர்மோஸ்ரற்றின் விஷயத்தைச் சற்றுக் கணக்கிட்டே பார்க்கலாம். கார்த்திகை முதல் பங்குனி வரை இங்கே வெளியிலுள்ள சராசரி வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே இருக்கிறது. உள்ளே 20 பாகை வைத்திருந்தால் வித்தியாசம் இருபது. அதை 21 ஆக்கினால் இருபதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு ஐந்து, செலவு கூடும். மூன்று பாகை கூட்டினால் பதினைந்து போயிற்று. நாம் சற்றுமுன் உதாரணமாகக் கண்ட பத்தொன்பதில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும்.

ஆயினும் அதை நஷ்டமென்று நான் சொல்லமாட்டேன். நமது வீடுகளில் கராஜுக்கு மேலேயுள்ள அறை எப்பொழுதும் குளிர்ந்து கிடப்பதும், அந்த அறையையே வயதான அம்மாவுக்குக் கொடுக்க நேர்வதும், அவர் உள்ளாடை, கம்பளிச்சட்டை, போர்வை என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு, பிள்ளைகளின் பணம் செலவாகிவிடுமேயென்று ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பதும் தங்களிற் பலர் அறிந்த விஷயம். வெப்பக்காப்பின்பின் அந்த அறை குடியிருக்கத் தக்கதாயிற்றென்றால், மிச்சமாகவேண்டிய எரிவாயுவில் ஒரு பகுதி முதியவர் ஒருவரின் சுகமாக மாறியிருக்கிறது. அது பலனே, ஆனால் பில் அதைக் காட்டாது. ஆகையால் வேலைக்கு முன்னும் பின்னும் அந்த அறையில் ஒரு சிறு வெப்பமானியை வைத்து, காலையில் அது காட்டும் எண்ணையும் அதே கொப்பியில் குறித்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். இந்த ஓர் எண்ணை எழுதாமல் விட்டுத்தான் அநேகர் தமது முதலீட்டை வீணென்று தீர்மானிக்கிறார்கள்.

ருவின் ரிவர்ஸில் கண்ட இரண்டாவது உண்மை, கூரையைப் பற்றியது. அங்கே அற்றிக் வழியாகப் போன உஷ்ணம், புத்தகக் கணக்குச் சொன்னதைப்போல் பல மடங்கு அதிகமாயிருந்தது. ஜான் பேயா, கௌதம் தத் முதலிய ஆய்வாளர் காரணத்தைத் தேடியபோது, வெப்பக்காற்றானது பஞ்சை ஊடுருவிப் போகாமல், அதைச் சுற்றிக்கொண்டு, புகைபோக்கிக் குழாயின் ஓரத்திலுள்ள இடைவெளியாலும், அடுத்தடுத்த வீடுகளுக்கிடையிலுள்ள சுவரின் பொள்ளற் கற்களாலும் நேரே மேலேறிப் போவதைக் கண்டார்கள். வெப்பக்காற்று இலேசானது; அது மேலேறிக் கூரையின் ஓட்டைகளால் வெளியேற, அது விட்ட வெற்றிடத்தை நிரப்பப் பேஸ்மன்றின் இடுக்குகளால் குளிர்காற்று உள்ளே நுழைகிறது. இந்த ஓட்டைகளை அடைக்காமல், அவற்றின்மேல் எத்தனை அங்குலம் பஞ்சு ஊதினாலும் பாதி வேலையே நடக்கும். அற்றிக் வேலைக்கு விலை கேட்கும்போது, பஞ்சு ஊதுவதற்கு முன் மின்விளக்குத் துளைகள், குழாய்த் துளைகள், ஏறும் மூடியின் ஓரம் ஆகியவற்றை அடைப்பீர்களா என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் சொல்லாதவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

ஓட்டைகளை நாமே கண்டுபிடிக்கவும் வழியுண்டு. குளிர்ந்த நாளொன்றில் ஃபர்னஸையும் வாயுச் சுடுநீர்த் தாங்கியையும் நிறுத்திவிட்டு, குசினி விசிறியையும் குளியலறை விசிறிகளையும் ஓடவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியொன்றைச் சன்னல் சட்டத்தின் ஓரமாகவும், பேஸ்மன்ற் சுவரின் தலைப்பில் மரச்சட்டம் வந்து பொருந்தும் இடமாகவும், மின்செருகிகளின் அருகாகவும் மெல்ல நகர்த்திக்கொண்டு போனால், காற்று நுழையும் இடத்தில் புகை குலைந்து ஓடும். அளவாக அறிய விரும்புவோருக்கு, வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டின் உள்ளேயும் வெளியேயும் 50 பஸ்கால் அழுத்த வித்தியாசத்தை உண்டாக்கி, எவ்வளவு காற்று கசிகிறதென்று அளக்கும் பரிசோதனை இருக்கிறது. மானியம் பெற்ற வீடுகளுக்கெல்லாம் வேலைக்கு முன்னும் பின்னும் இப்பரிசோதனை நடந்திருக்கும். அந்த இரண்டு அறிக்கைகளையும் குப்பையில் போடாமல் பேணிவையுங்கள். தேர்மோஸ்ரற்றாலும் வாடகைக்காரராலும் கலங்காத தூய எண், அவற்றிலுள்ள காற்றுக்கசிவின் எண் ஒன்றுதான்.

பஞ்சின் தடிப்பைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஏனெனில் விற்பனையாளர் இதை எவருக்கும் சொல்வதில்லை. 80 சதுர மீற்றர் அற்றிக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஆர்-10 அளவு (ஆர் என்பது உஷ்ணத்தைத் தடுக்கும் வலிமையின் அளவை) பழைய பஞ்சு மட்டும் இருந்தால், அதன் வழியே போகும் உஷ்ணத்தை ஈடுசெய்ய ஆண்டுக்கு ஏறத்தாழ 410 கன மீற்றர் எரிக்க வேண்டும். ஆர்-30 இருந்தால் 140. ஆர்-60 இருந்தால் 70. அறுபதுகளில் கட்டிய ஸ்காபரோ வீடொன்றில் பத்திலிருந்து அறுபதுக்குப் போகிறவர் 340 கன மீற்றர் மிச்சம் பிடிப்பார். தொண்ணூறுகளில் கட்டிய மார்க்கம் வீடொன்றில் முப்பதிலிருந்து அறுபதுக்குப் போகிறவருக்கு மிச்சம் 70 மட்டுமே. கன மீற்றர் ஐம்பது சதமென்று வைத்தாலும் ஆண்டுக்கு 35 டொலர். ஒரே கொந்தராத்துக்காரர், ஒரே மாதிரி வேலை, பலனோ ஐந்து மடங்கு வித்தியாசம். முன்பிருந்தது எவ்வளவு என்று அற்றிக்குள் தலை நீட்டிப் பார்த்து, ஓர் அடிமட்டத்தால் அளந்து எழுதிவைக்காதவர்களால் இந்த வித்தியாசத்தைப் பின்னர் விளக்கவே முடியாது.

முன்மதிப்பீடுகளை நம்பி ஏமாறுவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. மெரெடித் ஃபௌலி, மைக்கேல் கிரீன்ஸ்ரோன், கத்தரின் வூல்ஃப்ராம் என்ற பொருளியலாளர் மூவர், மிச்சிகன் மாநிலத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை உள்ளடக்கிய பரிசோதனையொன்றை நடத்தி 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழைக் குடும்பங்களின் வீடுகளை அரசாங்கச் செலவில் குளிருக்குக் காக்கும் திட்டம் உண்மையில் எவ்வளவு சேமித்தது என்பதே அவர்களுடைய விசாரணை. எரிபொருட் செலவு நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை குறைந்தது உண்மை. ஆனால் பொறியியற் கணிப்பு முன்கூட்டிச் சொன்ன சேமிப்பு, நடந்த சேமிப்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல். செலவிட்ட தொகையோ, மிச்சமான சக்தியின் மதிப்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதைக் கேட்டு வெப்பக்காப்பே வீண் என்ற முடிவுக்கு வருவது அவசரம். பழைய வீட்டில், காற்றோட்டைகளை முதலில் அடைத்து, தேர்ந்தெடுத்துச் செய்யப்படும் வேலை பலன் தரும் என்பதற்கு ருவின் ரிவர்ஸிலேயே சான்று உண்டு. அங்கே சிரத்தையோடு திருத்தப்பட்ட ஒரு வீட்டின் வெப்பத் தேவை மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. நாம் பெறவேண்டிய பாடம், கடதாசியில் எழுதித் தரப்படும் சேமிப்பை மீற்றரின் சாட்சியில்லாமல் ஏற்கலாகாது என்பதே.

ஓர் எச்சரிக்கை. வீட்டை இறுக்கமாக அடைத்தபின் சன்னற் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தாலோ, மூலைகளில் பூஞ்சணம் படர்ந்தாலோ, காற்று மாற்றும் சாதனம் தேவையென்று அறியுங்கள். புகைபோக்கியால் இயல்பாக மேலேறும் புகையை நம்பியிருக்கும் பழைய சுடுநீர்த் தாங்கியும், நாம் கறி சமைக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பொருத்திய பெரிய விசிறியும் ஒரே வீட்டில் இருந்தால், விசிறி அந்தப் புகையைக் கீழ்நோக்கி வீட்டுக்குள்ளேயே இழுத்துவிடக் கூடும். கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கை மணி ஒவ்வொரு மாடியிலும் இருக்கட்டும். இது பணக் கணக்கில் சேராத, உயிர்க் கணக்கில் சேர்ந்த விஷயம்.

விற்க வருபவர்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். வீடு வீடாக வந்து கதவைத் தட்டி ஃபர்னஸ், சுடுநீர்த் தாங்கி முதலியவற்றை விற்பதை ஒன்ராறியோ அரசாங்கம் 2018 மார்ச் முதலாந் திகதி தொடக்கம் தடைசெய்திருக்கிறது. அப்படியிருந்தும் தொலைபேசியாலும் சிநேகிதர் சிபாரிசாலும் வரும் வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. தமிழில் பேசி வருபவர் என்ற ஒரே காரணத்தால் நம் முதியோர் கையொப்பமிடுவதையும் காண்கிறோம். அவர்களைக் காப்பதற்கு மிகச் சிறந்த உபாயம், நம் சமூகத்துக்குள்ளேயே நம்பகமான எண்கள் புழங்குவதுதான்.

சங்கங்களின் உதவி இங்கேதான் வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டின் கணக்கை, வந்த விருந்தாளியும் போன வாடகைக்காரரும் கலைத்துவிட முடியும். ஐம்பது வீடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஒருவர் வீட்டில் கூடியதும் இன்னொருவர் வீட்டில் குறைந்ததும் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்து, பஞ்சுக்கும் அடைப்புக்கும் உரிய பலன் வெளியே தெரியும். அத்துடன், இவ்வாண்டில் எந்த வேலையும் செய்விக்காத வீடுகளின் கணக்கும் அதேயளவு வேண்டும். எல்லோருக்கும் பொதுவான மாற்றம் எது, வேலை செய்வித்தவருக்கு மட்டும் உரிய மாற்றம் எது என்பதைப் பிரித்துக் காட்டுபவை அவைதான். ஆகவே, தமக்குச் சொல்ல ஒன்றுமில்லையென்று எண்ணும் வீட்டுக்காரர்களையும் நான் முக்கியமாக அழைக்கிறேன். இத்தகைய ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகங்கள் பெரும்பணம் செலவிடுகின்றன. நம்மிடமோ ஒரே ஊரார், ஒருவரையொருவர் நம்புபவர், ஆண்டுதோறும் ஒரே மண்டபத்தில் கூடுபவர், ஏற்கனவே சங்கங்களாக அமைந்திருக்கிறார்கள்.

சங்கக் காரியதரிசிகளை நான் கேட்டுக்கொள்வது இதுவே. அடுத்த பொதுக்கூட்டத்தில் பத்து நிமிஷம் ஒதுக்கி, விருப்பமுள்ள அங்கத்தவரின் பட்டியலொன்றை எடுங்கள். பெயரும் விலாசமும் வெளியே போகவேண்டாம். வீடு கட்டிய ஆண்டு, பரப்பளவு, குடியிருப்போர் தொகை, தேர்மோஸ்ரற்றின் எண், செய்த வேலையும் அதன் திகதியும், மாதந்தோறும் மீற்றர் காட்டிய எண் ஆகியவை போதும். பொறியியலும் புள்ளிவிபரமும் படிக்கும் நம் இளைஞர்களிடம் கணக்கை ஒப்படையுங்கள். அவர்கள் அதை மகிழ்ச்சியோடு செய்வார்கள். அங்கத்தவர்களைக் கேட்டுக்கொள்வது இன்னும் எளிது: சென்ற இரண்டு ஆண்டுப் பில்களை எறிந்துவிடாமல் எடுத்துவையுங்கள், வருகின்ற மாதத்தின் முதல் நாளில் வெளியே போய் மீற்றரைப் பார்த்து, அந்த எண்ணை ஒரு கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுங்கள்.

இங்ஙனம்,
உங்களுள் ஒரு வீட்டுக்காரன்